'வாஸ்' போடுவதா, 'ஹேட்' போடுவதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

"தி அமௌன்ட் ஹேட் டிடக்டட் ஃப்ரம் மை அக்கவுன்ட், பட் தி டிக்கெட் வாஸ் நாட் புக்ட்." கணக்கிலிருந்து பணம் போய், டிக்கெட்டும் கிடைக்காத எரிச்சலில் ஆங்கிலத்தில் எழுதும் புகார்களில் இந்தப் பிழையான வாக்கியத்தை அடிக்கடி பார்க்கலாம். படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும், பணமும் திரும்பி வந்துவிடும். ஆனால் அதே பழக்கம் அலுவலக அறிக்கையிலும் தேர்வுத் தாளிலும் தொடர்ந்தால் அங்கே யாரும் அப்படி விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் "இங்கே 'வாஸ்' வருமா, 'ஹேட்' வருமா?" என்று கேட்பார்கள். கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. 'வாஸ்' என்பதும் 'ஹேட்' என்பதும் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் அல்ல. 'வாஸ்' போட்டு எழுதும் பாஸிவ் வாய்ஸ், அதாவது செயப்பாட்டு வினை, "எழுவாய் அந்த வேலையைச் செய்ததா, அல்லது அதன்மேல் அந்த வேலை செய்யப்பட்டதா?" என்ற கேள்விக்கு விடை. 'ஹேட்' போட்டு எழுதும் பாஸ்ட் பெர்ஃபெக்ட், "இது இறந்தகாலத்தில் இன்னொன்று நடப்பதற்கு முன்பே நடந்துவிட்டதா?" என்ற கேள்விக்கு விடை. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதலில் "யார் செய்தது?", அப்புறம் "எதற்கு முன்?"

இரண்டு கேள்விகளையும் கேட்டால் நான்கு வடிவங்கள் கிடைக்கும். 'சென்ட்' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். "சென்ட்" என்றால் அனுப்பினார். "வாஸ் சென்ட்" என்றால் அனுப்பப்பட்டது. "ஹேட் சென்ட்" என்றால் அதற்கு முன்பே அனுப்பியிருந்தார். "ஹேட் பீன் சென்ட்" என்றால் அதற்கு முன்பே அனுப்பப்பட்டிருந்தது. நாம் நடுவில் உள்ள இரண்டில் எது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். சரியான விடையோ பல நேரம் ஓரத்தில் இருக்கும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

இனி உங்கள் வாக்கியத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்குப் போய்விடலாம்.

அறிகுறி: எழுவாய் ஒரு பொருள், பின்னால் வெறும் 'ஹேட்'

"தி அமௌன்ட் ஹேட் டிடக்டட்", "தி பார்சல் ஹேட் டெலிவர்ட்", "மை அப்ளிகேஷன் ஹேட் ரிஜெக்டட்". மூன்றுக்கும் நோய் ஒன்றுதான். பணம் தானாகப் போய் எதையும் கழிப்பதில்லை, வங்கி கழிக்கிறது. பார்சல் எதையும் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. விண்ணப்பம் யாரையும் நிராகரிப்பதில்லை. வேலையைச் செய்தவர் வாக்கியத்தில் இல்லை, வேலைக்கு உட்பட்ட பொருள்தான் எழுவாயாக நிற்கிறது. அப்படியானால் பாஸிவ் கட்டாயம். 'ஹேட்' வைத்துக்கொள்வதாக இருந்தால் நடுவில் 'பீன்' வந்தே ஆக வேண்டும்.

இந்த 'பீன்' எப்படித் தவறிப் போகிறது? பேச்சுத் தமிழில் நாம் செயப்பாட்டு வினையைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. "பணம் எடுத்துட்டாங்க", "பார்சல் குடுத்தாச்சு" என்போமே தவிர, "பணம் எடுக்கப்பட்டுவிட்டது" என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. 'படு' எழுத்திலும் செய்தி வாசிப்பிலும்தான் புழங்குகிறது. அதனால் மனதில் ஓடுகிற தமிழ் வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்துக்கு இறக்கும்போது பாஸிவுக்கான இடமே மனதில் இருக்காது.

சரி, 'பீன்' சேர்த்துவிட்டோம். வேலை முடிந்ததா? இல்லை, இரண்டாவது கேள்வி பாக்கி: எதற்கு முன்? அந்தப் புகாரையே எடுத்துப் பார்ப்போம். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறீர்கள் என்றால் இப்படி வரும்:

"ஆன் மண்டே நைட் ஐ ட்ரைட் டு புக் எ டிக்கெட். தி அமௌன்ட் வாஸ் டிடக்டட், பட் தி டிக்கெட் வாஸ் நாட் புக்ட்."

முயன்றேன், பணம் பிடிக்கப்பட்டது, டிக்கெட் பதிவாகவில்லை. கதை நேராக முன்னே போகிறது, எங்கேயும் திரும்பிப் பார்க்கவில்லை. 'ஹேட்' வேண்டியதே இல்லை. அதே சம்பவத்தை மறுநாள் காலையில் கணக்கைப் பார்த்த இடத்திலிருந்து சொன்னால்:

"வென் ஐ செக்ட் மை அக்கவுன்ட் ஆன் ட்யூஸ்டே மார்னிங், தி அமௌன்ட் ஹேட் பீன் டிடக்டட், பட் நோ டிக்கெட் ஹேட் பீன் புக்ட்."

இப்போது கதை செவ்வாய் காலையில் நிற்கிறது. பணம் போனது அதற்கு முன். அதனால் 'ஹேட் பீன்'. இரண்டு கடிதமும் சரி. புகார்க் கடிதத்துக்கு முதல் வடிவம்தான் நல்லது என்பேன். படிக்கிற அதிகாரிக்கு எது முதலில், எது அப்புறம் என்று ஒரே பார்வையில் தெரியும்.

அறிகுறி: 'வாஸ் ஹேப்பன்ட்', 'வாஸ் டைட்', 'வாஸ் அரைவ்ட்'

"தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட் நியர் தி பஸ் ஸ்டாண்ட்." இது முந்தைய நோய்க்கு நேர் எதிர். அங்கே வேண்டிய பாஸிவ் இல்லை, இங்கே வேண்டாத பாஸிவ் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'வாஸ்' போட்டால்தான் இறந்தகாலம் முழுமையாகும் என்ற எண்ணம் எப்படியோ பலருக்குப் பதிந்துவிட்டது. 'ஹேப்பன்ட்' என்பதே இறந்தகாலம்தான். "தி ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்." அவ்வளவுதான்.

செயப்படுபொருள் ஏற்காத வினைகளுக்குப் பாஸிவ் கிடையாது என்று இலக்கணப் புத்தகம் சொல்லும். அதை மனப்பாடம் செய்வதைவிட நம் மொழியிலேயே ஒரு சோதனை இருக்கிறது. அந்த வினையோடு தமிழில் 'பட்டது' சேர்த்துப் பாருங்கள். 'அனுப்பப்பட்டது', 'நிராகரிக்கப்பட்டது', 'கட்டப்பட்டது' எல்லாம் நிற்கும். 'நிகழப்பட்டது', 'வரப்பட்டார்', 'விழப்பட்டது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காதுக்கு இடிக்கிற இடத்தில் ஆங்கிலத்திலும் 'வாஸ்' போடக் கூடாது. ஹேப்பன், அக்கர், டை, அரைவ், கம், ஃபால், டிஸப்பியர், எக்ஸிஸ்ட், பிலாங் எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். 'இறக்கப்பட்டது' என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்டால், அது லாரியிலிருந்து சரக்கு இறக்கப்பட்டது. மனிதர் இறந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சோதனை சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "ஐ வாஸ் பார்ன்" என்பது சரி. ஆனால் தமிழில் 'பிறக்கப்பட்டேன்' கிடையாது. ஆங்கிலத்தில் அது 'பெற்றெடு' என்ற பொருள் கொண்ட வினையின் பாஸிவ், 'பெற்றெடுக்கப்பட்டேன்' என்பது போல. இதை மட்டும் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பக்கமும் நடக்கிற வினைகளும் இருக்கின்றன. "தி ப்ரைஸ் இன்க்ரீஸ்ட்", "தி ப்ரைஸ் வாஸ் இன்க்ரீஸ்ட்" இரண்டுமே சரி. விலை உயர்ந்தது, விலை உயர்த்தப்பட்டது. தமிழில் உயர், உயர்த்து என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி உருவம் இருக்கிறது. ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்து இரண்டு வேலையும் வாங்கிக்கொள்கிறது. ஓபன், க்ளோஸ், பிரேக், சேஞ்ச், ஸ்டார்ட் எல்லாம் இதே ரகம். கதவு திறந்ததா, திறக்கப்பட்டதா? கண்ணாடி உடைந்ததா, உடைக்கப்பட்டதா? தமிழில் முதலில் இதை முடிவு செய்துகொண்டால் ஆங்கிலம் தானாக வரும். இன்சூரன்ஸ் கோரிக்கை எழுதும்போது "தி கிளாஸ் ப்ரோக்" என்பதற்கும் "தி கிளாஸ் வாஸ் ப்ரோக்கன்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. இரண்டாவதைப் படித்ததும் யார் உடைத்தது என்ற கேள்வி வரும்.

அறிகுறி: "ஐ ஹேட் சென்ட் தி மெயில் யெஸ்டர்டே"

யார் செய்தது என்பதில் இங்கே பிரச்சினை இல்லை. நான்தான் அனுப்பினேன். சிக்கல் 'ஹேட்' மேல். நேற்று அனுப்பினேன் என்பதைத் தவிர அந்த வாக்கியத்தில் இன்னொரு இறந்தகாலச் சம்பவம் இல்லை. எதற்கு முன் என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் 'ஹேட்' வேண்டாம். "ஐ சென்ட் தி மெயில் யெஸ்டர்டே."

இதன் வேர் தமிழில் இருக்கிறது. "நேற்றே மெயில் அனுப்பியிருந்தேன்" என்று சொல்லும்போது அந்த 'இருந்தேன்' ஒரு மெல்லிய குத்தலையும் சேர்த்துச் சொல்கிறது: அனுப்பினேனே, நீங்கள் பார்க்கவில்லையா? செய்தித்தாளிலும் "அமைச்சர் தெரிவித்திருந்தார்" என்று எழுதுவார்கள், அதற்குப் பிறகு நடந்த ஏதோ ஒன்றை மனதில் வைத்து. தமிழில் அந்தப் பிந்தைய சம்பவத்தைச் சொல்லாமல் விடலாம், கேட்பவர் நிரப்பிக்கொள்வார். ஆங்கிலத்தின் 'ஹேட்' அந்தக் குத்தலைச் சுமக்காது. அது கால வரிசையை மட்டும்தான் சொல்லும். பின்னால் வந்த சம்பவம் அதே வாக்கியத்திலோ பக்கத்து வாக்கியத்திலோ இருக்க வேண்டும். "ஐ ஹேட் ஆல்ரெடி சென்ட் தி மெயில் வென் யூ கால்ட்." இங்கே நீங்கள் போன் செய்தது பின்னால் நடந்த சம்பவம், அதனால் 'ஹேட்' பொருந்துகிறது.

குத்தலைக் காட்டியே ஆக வேண்டுமா? "ஐ சென்ட் தி மெயில் ஆன் மண்டே அண்ட் ஹேவ் நாட் ஹேர்ட் ஃப்ரம் யூ" என்று எழுதுங்கள். நாகரிகமாகவும் இருக்கும், உறைக்கவும் செய்யும்.

அறிகுறி: பாஸிவ் என்று தெரிகிறது, ஆனால் 'வாஸ்' போடுவதா 'ஹேட் பீன்' போடுவதா என்று தெரியவில்லை

உண்மையில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். மற்றதெல்லாம் திருத்தம், இது தேர்வு. இரண்டுமே இலக்கணப்படி சரியாக இருக்கும். எதைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சம்பவமே மாறிவிடும்.

ஒரு கல்யாண மண்டபம். "வென் வி ரீச்ட் தி ஹால், லஞ்ச் வாஸ் சர்வ்ட்." நாங்கள் போய்ச் சேர்ந்தோம், பந்தி பரிமாறப்பட்டது. உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். "வென் வி ரீச்ட் தி ஹால், லஞ்ச் ஹேட் பீன் சர்வ்ட்." நாங்கள் போவதற்குள் பரிமாறி முடிந்துவிட்டது. மிச்சம் ரசமாவது இருந்ததா என்று அடுத்த வாக்கியத்தில்தான் தெரியும். இரண்டு சொற்களில் சாப்பாடே போய்விட்டது. 'வென்' என்ற சொல் எது முன், எது பின் என்று சொல்வதில்லை. அந்தப் பொறுப்பு முழுக்க வினையின் தலையில்தான் விழுகிறது.

'ஆஃப்டர்', 'பிஃபோர்' வந்தால் அவ்வளவு கவலை இல்லை. வரிசையை அந்தச் சொற்களே காட்டிவிடும். "ஆஃப்டர் தி ஃபார்ம் வாஸ் சைன்ட், இட் வாஸ் சென்ட் டு தி ஹெட் ஆஃபீஸ்" என்றாலும் சரி, "ஆஃப்டர் தி ஃபார்ம் ஹேட் பீன் சைன்ட்" என்று ஆரம்பித்தாலும் சரி. நீளம் குறைந்தது எனக்குப் பிடிக்கும்.

வரலாற்றுச் சம்பவங்களை எழுதும்போது இதே தேர்வு அடிக்கடி வரும். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மேல் குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22 இரவு. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, எம்டனை அழித்தது. வரிசையாகச் சொன்னால்: "மெட்ராஸ் வாஸ் ஷெல்ட் இன் செப்டம்பர் 1914. தி எம்டன் வாஸ் டிஸ்ட்ராய்ட் இன் நவம்பர்." இரண்டு இடத்திலும் 'வாஸ்'. கப்பல் அழிந்த கதையில் தொடங்கிச் சென்னைக்குத் திரும்பிப் போனால்: "வென் தி எம்டன் வாஸ் டிஸ்ட்ராய்ட் இன் நவம்பர், மெட்ராஸ் ஹேட் ஆல்ரெடி பீன் ஷெல்ட்." எது பழைய சம்பவம் என்று பார்த்து 'ஹேட்' போடக் கூடாது. பழைய சம்பவத்துக்குத் திரும்பிப் போகிறோமா என்று பார்த்துப் போட வேண்டும். சென்னையில் குண்டு விழுந்த தேதி இரண்டு வாக்கியத்திலும் ஒன்றுதான். மாறியது சொல்கிறவர் நிற்கும் இடம்.

தேதிகளே வரிசையைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலம் 1964 டிசம்பர் புயலில் சேதமடைந்தது. "தி பாம்பன் பிரிட்ஜ், விச் ஹேட் பீன் ஓபன்ட் இன் 1914, வாஸ் டேமேஜ்ட் இன் தி 1964 சைக்ளோன்" என்று எழுதலாம். 'ஹேட் பீன்' இருந்த இடத்தில் 'வாஸ்' போட்டாலும் யாரும் குழம்ப மாட்டார்கள், ஆண்டுகள் கண் முன்னால் இருக்கின்றன.

அறிகுறி: கதவு பூட்டியிருந்தது

"கதவு பூட்டியிருந்தது" என்று தமிழில் நினைத்து, 'இருந்தது' வருகிறதே என்று "தி டோர் ஹேட் லாக்ட்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. இந்த 'இருந்தது' முன்பே நடந்ததைச் சொல்லவில்லை, அந்த நேரத்து நிலையைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் "தி டோர் வாஸ் லாக்ட்." கடை மூடியிருந்தது, "தி ஷாப் வாஸ் க்ளோஸ்ட்." ஒரே 'இருந்தது' ஓரிடத்தில் 'ஹேட்', இன்னோரிடத்தில் 'வாஸ்'. அதனால் 'இருந்தது' வந்தால் இதுதான் என்று சூத்திரம் போட முடியாது.

யாரோ பூட்டிவிட்டுப் போன செயலைச் சொல்ல வேண்டுமானால், "தி டோர் ஹேட் பீன் லாக்ட் ஃப்ரம் இன்சைட்" என்று எழுதலாம். துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு இது ரொம்ப உதவும்.

அறிகுறி: காலச் சொல்லும் வினையும் ஒட்டவில்லை

'இன் 1969' என்றால் அந்த ஆண்டுக்குள் நடந்தது, அதனுடன் 'வாஸ்' போகும். 'பை 1969' என்றால் அந்த ஆண்டு வருவதற்குள் நடந்து முடிந்தது, அதனுடன் 'ஹேட் பீன்' போகும். மெட்ராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரி 14. அண்ணா மறைந்தது அதே ஆண்டு பிப்ரவரி 3. "தி ஸ்டேட் வாஸ் ரீநேம்ட் இன் ஜனவரி 1969." "பை தி டைம் அண்ணாதுரை டைட், தி ஸ்டேட் ஹேட் பீன் ரீநேம்ட்." 'பை தி டைம்' வந்து பின்னால் இறந்தகாலமும் வந்தால், அதைவிட வலுவான 'ஹேட்' அறிகுறி வேறில்லை.

'அகோ' எப்போதும் இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணும். "டூ டேஸ் அகோ" என்றால் முந்தாநாள், அதனுடன் 'ஹேட்' சேர்க்க வேண்டாம். கதையில் நிற்கும் அந்த நாளிலிருந்து இரண்டு நாள் பின்னால் போக வேண்டுமென்றால் "டூ டேஸ் எர்லியர்" அல்லது "டூ டேஸ் பிஃபோர்", அங்கே 'ஹேட்' வரலாம்.

அறிகுறி: 'பீன்', 'பீயிங்' குழப்பம்

'ஹேட் பீயிங் ரிப்பேர்ட்' என்று ஒரு வடிவமே இல்லை. வேலை முடிந்திருந்தால் "ஹேட் பீன் ரிப்பேர்ட்". வேலை நடந்துகொண்டிருந்தால் "வாஸ் பீயிங் ரிப்பேர்ட்". 'பீன்' எப்போதும் ஹேவ், ஹேஸ், ஹேட் பின்னால். 'பீயிங்' இந்த இடத்தில் 'வாஸ்', 'வேர்' பின்னால். "ஹி ஹேட் பீன் டிரான்ஸ்ஃபரிங்" என்று எழுதினால் அவர் யாரையோ இடம் மாற்றிக்கொண்டே இருந்தார் என்று அர்த்தமாகும். மாற்றலானவர் அவர்தான் என்றால் "ஹேட் பீன் டிரான்ஸ்ஃபர்ட்".

அறிகுறி: தேர்வில் மட்டும் தப்பாகிறது

வாய்ஸ் மாற்றும் கேள்வியில் காலம் மாறக் கூடாது. "தே ஹேட் ஃபினிஷ்ட் தி வொர்க்" என்பதை மாற்றினால் "தி வொர்க் ஹேட் பீன் ஃபினிஷ்ட்". 'வாஸ் ஃபினிஷ்ட்' எழுதினால் வாய்ஸோடு காலத்தையும் சேர்த்து மாற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பிறர் கூற்றில் அப்படியல்ல, காலம் ஒரு படி பின்னால் போகும். கிளர்க் சொன்னது "தி ஃபார்ம் வாஸ் ரிஜெக்டட்" என்றால், "தி கிளர்க் செட் தட் தி ஃபார்ம் ஹேட் பீன் ரிஜெக்டட்" என்று மாறும். வரலாற்று உண்மைக்கு இந்தப் பின்வாங்கல் வேண்டாம்: "தி டீச்சர் செட் தட் இந்தியா பிகேம் இன்டிபென்டன்ட் இன் 1947." அன்றாட எழுத்தில் குழப்பம் வராத இடத்தில் 'வாஸ்' என்றே விட்டுவிடுவார்கள். தேர்வுத் தாளில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம், விதிப்படியே எழுதுங்கள்.

'இஃப்' வரும் வாக்கியம் தனி. "இஃப் தி அமௌன்ட் ஹேட் பீன் ரீஃபன்டட், ஐ வுட் நாட் ஹேவ் ரிட்டன் டு யூ." பணம் திரும்பி வந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இங்கே 'ஹேட்' எதற்கு முன் என்று தேடிப் பயனில்லை. நடக்காமல் போனதைக் காட்டவே அது வருகிறது. 'இஃப்' பக்கத்தில் 'வுட் ஹேவ்' போடும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். பணம் வராதது எழுவாயின் தப்பல்ல, அதனால் 'பீன்' இங்கேயும் வேண்டும்.